மெதுவான சோதனை

அலுவலகத்தில் அவளுக்கு 'வேண்டாம் மேடம்' என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் காதில் விழாத அளவுக்கு மெதுவாகவும் யாரும் சொன்னதில்லை. செயற்கைக்கோளில் ஏறப்போகும் ஒவ்வொரு சிப்பும், ஒவ்வொரு டிரான்சிஸ்டரும், கடுகளவு மின்தடையும்கூட அவள் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வடிவமைப்பாளர்கள் புதிதாக எதையாவது தேடிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எடை இல்லை, இடத்தை அடைக்காது, மின்சாரம் கொஞ்சமாகத்தான் குடிக்கும், கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் என்று மாப்பிள்ளையின் குணம் பாடுவதுபோல அடுக்குவார்கள். அவள் கடைசிப் பக்கம் வரைக்கும் பொறுமையாகப் படிப்பாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள் என்றால், அடுத்து வரப்போகும் சொல் எதுவென்று வந்தவருக்குத் தெரிந்துவிடும்.

குற்றம் அவள்மேல் இல்லை. வேலை அப்படி. கீழே நம்மையெல்லாம் காற்று போர்த்திக் காப்பாற்றுகிறது. மேலே அது கிடையாது. அங்கே கதிர்வீச்சு, விடாத தூறல் மாதிரி, வருடக்கணக்கில் அந்தச் சிப்புகளின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். கைப்பேசிக்குள் ராஜாவாக வேலை பார்க்கும் சிப், அங்கே போனால் ஒரே வருடத்தில் புத்தி பேதலித்துப் போகும். போய்ப் பழுது பார்க்கவும் ஆள் இல்லை. அதனால் பழசு, மந்தம், பார்க்க லட்சணமில்லாதது என்றாலும், அடி வாங்கித் தாங்கிக் காட்டியது எதுவோ அதைத்தான் அவள் எடுப்பாள். இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. தினமும் நாலு பேர் முகத்தைச் சுருங்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது லேசான காரியம் இல்லை. 'சரி' என்று சொல்கிறவனுக்கு ஒரு புன்சிரிப்பாவது கிடைக்கும். இவளுக்குக் கிடைத்ததெல்லாம் சும்மா கிடக்கும் நாற்காலிதான். கேன்டீனில் அவளுக்கு எதிரே உட்கார யாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், கதிர்வீச்சு அறையைப் பார்த்துக்கொள்கிறவர் ஃபோன் செய்தார்.

"மேடம், உங்க ஆறு பிள்ளைங்களும் வெளிய வந்துட்டாங்க. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"எந்த ஆறு?"

"அது சரி. பெத்தவங்களே மறந்தாச்சா? போன வருஷம் நீங்களே கொண்டாந்து குடுத்தீங்களே, இடம் கிடைச்சா மெதுவான அலமாரில வைங்கன்னு. எட்டு மாசம் வரிசையில நின்னு, உள்ள போயி அஞ்சு மாசம் ஆச்சு. பாதி டோஸ்தான் ஆயிருக்கு. ஆனா அடுத்த வாரம் கோபால்ட்டை மாத்தப் போறாங்க, எல்லாத்தையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஃபோனை வைத்துவிட்டு நேராக அந்த அறைக்குப் போய் ஆறையும் வாங்கி வந்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. சிப்புகளைக் கதிர்வீச்சில் சோதிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அவசரச் சோதனை. கதிர்வீச்சு வீசும் கோபால்ட் துண்டின் பக்கத்தில் வைத்து, ஏழு வருடக் கதிர்வீச்சை ஒரே மத்தியானத்தில் அதன் தலையில் கொட்டிவிடுவது. இன்னொன்று மெதுவான சோதனை. அதே அளவைத் தூரத்து அலமாரியில் வைத்துச் சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் கொடுப்பது. கொட்டுவதுதானே கொடுமை என்று யாரும் நினைப்பார்கள். பெரும்பாலான சிப்புகளுக்கு அது சரிதான். ஆனால் ஒரு வகைச் சிப்புகள் தலைகீழ். மொத்தமாகக் கொட்டினால் அசையாமல் நிற்கும். சொட்டுச் சொட்டாக விட்டால் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போகும். ஏன் என்பதற்கு அவளிடம் அரை மணி நேர விளக்கம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த வகைக்கு மெதுவான சோதனை கட்டாயம். அது வேண்டியதில்லை என்று விட்டுக்கொடுக்க ஒரு விலக்குப் படிவம் உண்டு. அதில் கையெழுத்திடும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். இருபத்தாறு வருடத்தில் அவள் கொடுத்த விலக்குகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அதில் கடைசி விலக்கு, இந்த ஆறு சிப்புகளின் உடன்பிறப்புகளுக்குக் கொடுத்தது.

கேட்டு வாங்கியவன் கிராம். மின்சாரப் பிரிவின் வடிவமைப்பாளன், நாற்பது வயது. ஒரு திருகாணியைக் குறைத்து இரண்டு கிராம் மிச்சம் பிடித்தால் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிவான். பெயர் அப்படி வந்தது. அலுவலகத்தில் அவளை 'அக்கா' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான். செயற்கைக்கோளின் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் போர்டு அவனுடையது. 'பேட்டரி நிரம்பிவிட்டது, போதும்' என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு பேட்டரியின் ஒவ்வொரு செல்லுக்கும் அதில் ஒரு சிப் வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் இருந்த பழைய சிப் கிடைக்க ஒரு வருடம் ஆகும் என்று தயாரிப்பாளர் கைவிரித்துவிட்டார். கிராம் அதே நிறுவனத்தின் புதிய சிப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். பாதி எடை. அவசரச் சோதனையில் அப்பழுக்கில்லாமல் தேறியிருந்தது.

அவள் எப்போதும்போல இருந்திருந்தால், 'மெதுவான சோதனை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று அனுப்பியிருப்பாள். அந்த நாட்களில் அவள் எப்போதும்போல இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரவெல்லாம் அவள், பகலெல்லாம் கணவர். வார்டு வாசலில் அவர் உள்ளே வரும்போது இவள் வெளியே போவாள், சாவிக்கொத்து மட்டும் கை மாறும். பதினோராவது நாள் அது. வார்டிலிருந்து நேராக அலுவலகம் வந்தவளின் மேசையில் சாயங்காலம் நாலு மணிக்குக் கிராம் அந்தப் படிவத்தை வைத்தான். முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினாள். எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் எறும்பாக ஊர்ந்தன. கையெழுத்துப் போட்டாள்.

அவன் போன பிறகு என்னவோ உறுத்தியது. சோதனைக்கு வாங்கியதில் மிஞ்சிய ஆறு சிப்புகள் இழுப்பறையில் இருந்தன. வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிற பழக்கம்போல, அவற்றை எடுத்துக்கொண்டு போய் அறைக்காரரிடம் கொடுத்தாள். படிவம் கிடையாது, எண் கிடையாது. அதன்பின் அப்பா வீடு திரும்பினார், வலது பக்கம் வேலை செய்யாமல், பேச்சும் பாதி குழறிப்போய். அவரைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் மாத்திரை கொடுக்கவும் நாள் சரியாக இருந்தது. ஆறு சிப்புகளாவது ஒன்றாவது.

மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சோதனை மேசையில் தானே உட்கார்ந்து அளந்தாள். முதல் சிப் எல்லைக்குள் இருந்தது. 'அப்பாடா' என்று மூச்சு விட்டாள். இரண்டாவது இல்லை. மூன்றாவதும் இல்லை. ஒயரை மாற்றினாள், மீட்டரை மாற்றினாள், சிப்புகளைத் தொடாமல் வைத்திருந்து மறுபடி அளந்தாள். ஆறில் நாலு தவறிவிட்டன. அதுவும் பாதி டோஸில். ஏழு வருடம் ஓட வேண்டிய செயற்கைக்கோளில், மூன்றாவது நாலாவது வருடத்திலேயே அந்தச் சிப் உளற ஆரம்பிக்கும். பாதி நிரம்பிய பேட்டரியைப் பார்த்துப் 'போதும்' என்று சொல்லும். இல்லை, நிரம்பி வழிகிற பேட்டரியைப் பார்த்து 'இன்னும் ஊற்று' என்று சொல்லும். இரண்டில் எது நடந்தாலும் கதை கந்தல்தான்.

அந்தச் சிப்பில் பதினாலு, போர்டில் பற்றவைக்கப்பட்டு, போர்டு பெட்டிக்குள் மூடப்பட்டு, பெட்டி செயற்கைக்கோளின் அடிவயிற்றில் உட்கார்ந்திருந்தது. குலுக்கிப் பார்த்தாயிற்று, சூட்டிலும் குளிரிலும் போட்டு எடுத்தாயிற்று. ஐந்து வாரத்தில் வேறு யாருடைய ராக்கெட்டிலோ ஓரத்தில் ஓர் இடம் வாங்கி அனுப்பப்போகிறார்கள். இப்போது பெட்டியைத் திறந்தால் அந்த இடம் போகும். அடுத்த இடம் கிடைக்கக் குறைந்தது ஒன்றரை வருடம். கடலில் புயல் உருவாவதை நாலு மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டிய கருவி, அதுவரை தூசி பிடிக்காத அறையில் சும்மா படுத்திருக்கும்.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் கையெழுத்து. தெரிந்தே தவறான பாகத்தை விட்டாலும் சரி, தெரியாமல் விட்டாலும் சரி, ஒரு முறை பறிபோன கையெழுத்து அந்த இடத்தில் திரும்பி வந்ததே இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளுடைய சீனியர் ஒருவர் ஒரு மின்தேக்கி விஷயத்தில் கோட்டை விட்டார். அவர் கையெழுத்துரிமையைப் பறித்த குழுவில் இவளும் இருந்தாள். ஈவு இரக்கம் பார்க்காமல் பேசியதும் இவள்தான். அவர் இன்றும் ஸ்டோரில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இவளைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். அந்த வணக்கம் இருக்கிறதே, அதற்கு அவர் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

இழுப்பறையில் போட்டுப் பூட்டினால் விஷயம் முடிந்தது. படிவம் இல்லாத சோதனை. அறைக்காரருக்கு ஆறு சிப் வந்தது, ஆறு சிப் போனது என்பதைத் தவிர எதுவும் தெரியாது. அவளுக்கு ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி. சிப் உளறுகிற நேரத்தில் அவள் வீட்டில் இருப்பாள். அவள் உண்மையாகவே இழுப்பறையைத் திறந்து, சிப்புகளை உள்ளே வைத்து, பூட்டவும் பூட்டினாள். பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலை பார்த்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து காலை வகுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார்.

"இன்னிக்கு ஒருத்தர் பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டாரு," என்றார். "நேரா ஒரு பூந்தொட்டி. நான் உன்கிட்ட பேசிட்டு இருக்கறதே பெரிய விஷயம்."

அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் தோளுக்கு அடியில் கை கொடுத்தாள். கணவர் இடுப்பைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். அவளுக்கு முதுகில் சுரீர் என்றது. தினமும் அதே இடத்தில் வலிப்பதால் அதைப் பற்றிச் சொல்வதையும் விட்டுவிட்டிருந்தாள். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் கடைசிவரை கேட்டார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப முடிஞ்சுது போ," என்றார். "உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதான். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுப்பே. நீ தூங்கலன்னா நானும் தூங்க முடியாது, நான் தூங்கலன்னா நாளைக்கு அவரு பூந்தொட்டிக்குப் பதிலா மனுஷன் மேல ஏத்துவாரு."

"வெளையாடாதீங்க. என் கையெழுத்து போயிடும்."

"போகும்தான்." அவர் துண்டை உதறி நாற்காலியில் போட்டார். "போனா ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவேல்ல?"

அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரம் இல்லை. அப்பாவுக்கு மாத்திரை நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ராக்கெட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய பரிசீலனைக் கூட்டம். நீள மேசை, பன்னிரண்டு பேர், தலைப்பக்கத்தில் திட்ட இயக்குநர். அவர் நல்ல மனிதர். மூன்று வருடமாக இந்தச் செயற்கைக்கோளோடு மாரடித்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிற நிலைக்கு வந்திருந்தார். ஒவ்வொரு பிரிவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் தயார், தயார் என்றார்கள். அவள் முறை வந்தது.

"பேட்டரி போர்டுல இருக்குற சிப்ப மாத்தணும் சார். அது போகக் கூடாது."

மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடியது. யாரோ, "அதானே பார்த்தேன்" என்றார். இயக்குநரும் சிரித்துவிட்டார்.

"மேடம், நீங்க எதைத்தான் போகலாம்னு சொல்லியிருக்கீங்க? உங்க பேச்சக் கேட்டிருந்தா வெறும் பெட்டியத்தான் மேல அனுப்பியிருப்போம். கவலையைக் குறிப்புல எழுதிக்கறோம். அடுத்து?"

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருபத்தாறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துச் சொன்ன சொல், இன்றைக்கு ஒரு நாள் உண்மையாகவே உயிர் போகிற அவசரத்தில் சொல்லும்போது, ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அப்படியே உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சொன்னேன், கேட்கவில்லை என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். குறிப்பேட்டிலும் எழுதியிருக்கும். தலை தப்பிவிடும்.

"சார், நான் அளந்து பார்த்துட்டேன்," என்றாள். "மெதுவான சோதனையில ஆறுல நாலு போயிடுச்சு. பாதி டோஸ்ல."

சிரிப்பு நின்றது. கிராம் நிமிர்ந்து பார்த்தான். "எந்தச் சோதனை அக்கா? அதுக்குத்தான் விலக்கு வாங்கியிருக்கே. படிவம் எண் என்ன?"

"படிவம் இல்ல."

"படிவம் இல்லாத சோதனை சோதனையே இல்லன்னு நீங்கதானே சொல்வீங்க?" அவன் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டான். அவள் எழுதிய விதிதான் அது. கையேட்டில் நாலாவது பக்கத்தில் இருக்கிறது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "மேடம், ஒன்னும் புரியல. விலக்கு குடுத்தது நீங்க. சிப் நல்லா இருக்குன்னு நம்பித்தானே குடுத்தீங்க? அப்புறம் யாருக்கும் சொல்லாம எதுக்கு ஆறு சிப்ப எடுத்து அலமாரியில வெச்சீங்க?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இனி நழுவ இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"நம்பிக் குடுக்கல சார். படிக்காம குடுத்தேன்."

"என்ன?"

"படிவத்தோட ரெண்டாவது பக்கத்த நான் படிக்கல. படிக்க முடியல. கையெழுத்து போட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கல, அதான் மிஞ்சுன சிப்ப கொண்டு போய் வெச்சேன். அதையும் மறந்துட்டேன். நேத்துதான் வெளிய வந்துச்சு."

இயக்குநர் மடிக்கணினியில் அந்தப் படிவத்தைத் தேடித் திறந்தார். இரண்டாவது பக்கத்தில், மூன்றாவது பத்தியில், ஒளிவு மறைவு இல்லாமல் எழுதியிருந்தது: 'இச்சிப்பின் உள்ளமைப்பு அண்மையில் மாற்றப்பட்டுள்ளது. மெதுவான கதிர்வீச்சில் இதன் நடத்தை தெரியவில்லை எனத் தயாரிப்பாளர் தெரிவித்துள்ளார்.' அவர் அதை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்த்தார். முதல் வருடப் பயிற்சி மாணவன்கூட அந்த ஒரு வரியைப் பார்த்தால் பேனாவை மூடி வைத்துவிடுவான். கிராம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மணி நேரம் பேசினார்கள். விசிறி இல்லாத அறையில் இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டார்கள், எதிர்க்கணக்குப் போட்டார்கள். கீழேயிருந்து கட்டளை அனுப்பிச் சமாளிக்க முடியுமா, சார்ஜ் நேரத்தைக் கையால் கட்டுப்படுத்த முடியுமா என்றெல்லாம் பார்த்தார்கள். முடியாது. பெட்டியைத் திறப்பது என்று முடிவானது. ராக்கெட்டில் வாங்கிய இடத்தை விட்டுவிடுவது என்றும் முடிவானது. அதை இயக்குநர்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். எல்லாரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். அவள் கடைசி ஆளாக எழுந்தாள்.

"மேடம், விசாரணை முடியற வரைக்கும்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"தெரியும் சார். கையெழுத்து போட மாட்டேன்."

"முடிஞ்ச பிறகும், எனக்கு என்னமோ..."

"அதுவும் தெரியும் சார்."

"சொல்லாம விட்டிருக்கலாம் நீங்க," என்றார் அவர். பாராட்டா, குறையா என்று அவருக்கே தெரியாது. அவ்வளவு களைத்திருந்தார். "மூணு வருஷம் மேடம். என் பொண்ணு பள்ளிக்கூடத்துல என்ன படிக்கிறான்னுகூட எனக்குத் தெரியாது."

மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

அறைக்கு வந்து, விசாரணைக்கான அறிக்கைப் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். தேதி, பாகத்தின் எண், தொகுதி, டோஸ், விளைவு என்று வரிசையாகக் கட்டங்கள். 'காரணம்' என்ற கட்டத்தில் 'மெதுவான சோதனைக்கு விலக்கு அளிக்கப்பட்டது' என்று எழுதினாள். எழுதிய பிறகு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருந்தது. மேசைமேல் தலை வைத்துக் கொஞ்சம் கண்ணை மூடலாமா என்று நினைக்கையில் கதவு தட்டப்பட்டது. கிராம்.

உள்ளே வந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"அக்கா, ரெண்டாவது பக்கத்துல நான் எல்லாத்தையும் எழுதியிருந்தேன். எதையும் மறைக்கல."

"நீ மறைச்சேன்னு யாரு சொன்னா? நீ ஒழுங்கா எழுதியிருந்தே. நான்தான் படிக்கல. அத விடு. போர்டு எத்தன நாள்ல திரும்பப் பண்ணலாம்?"

"அதில்லக்கா." கதவைச் சாத்தினான். "அன்னிக்கு உங்ககிட்ட வந்தேன்ல, அது தற்செயல் இல்ல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"படிவம் ஒம்பது நாளா என் பையிலதான் இருந்துச்சு. கொண்டாந்தா அந்த மூணாவது பத்தியப் பார்த்துட்டு முடியாதுன்னுதான் சொல்வீங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். போர்டு நின்னு போயிடும், எல்லாரும் என் உயிர எடுப்பாங்க. அன்னிக்குக் காலைல கேன்டீன்ல உங்களப் பார்த்தேன். ஜன்னல் ஓரமா டீ கிளாஸப் புடிச்சுட்டு நின்னுட்டு இருந்தீங்க. குடிக்கவே இல்ல. ஆறி, ஆடை கட்டிடுச்சு. உங்களுக்கு அது தெரியக்கூட இல்ல. கால் மணி நேரம் அப்படியே நின்னீங்க." அவன் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தான். "இன்னிக்குக் கேட்டா போட்டுடுவீங்கன்னு தோணுச்சு. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன், இன்னும் அசந்துடுவீங்கன்னு. அப்புறம்தான் வந்தேன்."

அவள் அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். அது வருவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும்போலிருக்கிறது.

"இயக்குநர்கிட்ட நானும் எழுதித் தந்துடறேன்க்கா. உங்க பேரு மட்டும் கெடக் கூடாது."

"எழுது. ஆனா எந்தக் கட்டத்துல எழுதுவே?" படிவத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "தேதிக்கு ஒரு கட்டம் இருக்கு, டோஸுக்கு இருக்கு. இதுக்கு ஒன்னும் இல்ல. கையெழுத்து என்னோடது. நீ என் கையப் புடிச்சுப் போட வைக்கல."

அவன் போகாமல் நின்றான். ஏதாவது திட்டு வாங்கிக்கொண்டு போனால் தேவலை என்பதுபோல நின்றான்.

அந்தப் பதினோரு நாளை அவள் நினைத்துப் பார்த்தாள். எத்தனை பேரைத் தாண்டி நடந்திருப்பாள், எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவரவர் பாடு. தன் முகத்தை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அதில் அவளுக்கு யார்மேலும் வருத்தம் இருந்ததில்லை. இப்போதுதான் தெரிகிறது, ஒருத்தன் கால் மணி நேரம் நின்று பார்த்திருக்கிறான்.

"ஆறிப் போச்சுன்னு பார்த்தேல்ல," என்றாள். "வேற டீ ஒன்னு வாங்கிக் குடுத்திருக்கலாமே."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, மீதிக் கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தாள்.